நெகிழிப் பிரெனெல் வில்லை

நெகிழிப் பிரெனெல் வில்லை என்பது, மெல்லிய ஒளிபுகு நெகிழித் தகட்டின் ஒரு முகத்தில் பொதுமைய வட்டங்களாக நுண்ணிய பள்ளங்கள் அமைக்கப்பட்ட ஒளியியல் வில்லை ஆகும். ஒவ்வொரு பள்ளத்தின் சாய்ந்த முகமும், ஒரு தடித்த குவி வில்லையின் அதே இடத்தில் இருக்கும் வளைபரப்பின் சாய்வைக் கொண்டிருக்கும். இதனால் தடித்த வில்லை செய்யும் ஒளிவிலகலைச் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடு செய்கின்றது. சூரிய ஒளியைக் குவித்தல், விளக்கொளியை இணைகதிர்களாக்குதல், மங்கிய ஒளியைத் திரட்டி உணரிக்கு அனுப்புதல், எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டுதல் முதலிய பணிகளுக்கு இவ்வில்லைகள் பயன்படுகின்றன.

ஒரே விட்டமும் ஒரே குவியத்தூரமும் கொண்ட இரு பிரெனெல் வில்லைகள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படும் என்று கொள்ள முடியாது. நெகிழியின் வகை, பள்ளங்களின் இடைவெளி, பள்ளமுகம் நோக்கும் திசை, வில்லை வடிவமைக்கப்பட்ட ஒளிப்பாதை ஆகியவை பணிக்குப் பொருந்தவேண்டும். பொருந்தாவிடில் ஒளியின் பெரும்பகுதி வீணாகும். சில வேளைகளில் கருவி முற்றிலும் இயங்காது போகும்.

## வரலாறு

வில்லையின் நடுவிலுள்ள பொருளின் பெரும்பகுதி ஒளிவிலகலுக்குத் தேவையற்றது என்பது 18 ஆம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டிருந்தது. ஒளி விலகுவது பரப்பில்தான். இரு பரப்புகளுக்கும் இடைப்பட்ட தடிப்பு எடையைக் கூட்டுவதோடு ஒளியையும் உறிஞ்சுகின்றது. பிரான்சைச் சேர்ந்த புஃபோன், ஒரே கண்ணாடியில் படிபடியாகச் செதுக்கி எடையைக் குறைக்கலாம் எனக் கூறினார். தனித்தனித் துண்டுகளை இணைத்து அத்தகைய வில்லையை ஆக்கலாம் என்று கொண்டோர்செ கருத்துரைத்தார்.

பிரான்சியப் பொறியாளரும் இயற்பியலாளருமான அகுஸ்டீன் ழான் பிரெனெல் (1788 - 1827) இக்கருத்தைக் கலங்கரை விளக்கங்களுக்கு ஏற்ற வகையில் செயற்படுத்தினார். இவருடைய வில்லை 1823 ஆம் ஆண்டில், ழிரோந்து ஆற்றின் கழிமுகத்திலுள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அக்காலத்து வில்லைகள் கண்ணாடித் துண்டுகளைத் தீட்டி, உலோகச் சட்டத்தில் பொருத்தி ஆக்கப்பட்டவை. அவற்றில் வளையங்களின் எண்ணிக்கை குறைவு. ஒவ்வொரு வளையமும் பெரிது.

ஒளிபுகு நெகிழிகள் பரவலான பின்னரே நூற்றுக்கணக்கான நுண்பள்ளங்களைக் கொண்ட மெல்லிய வில்லைகளை ஆக்குவது எளிதாயிற்று. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த மில்லர், மெக்லியோட், ஷெர்வுட் ஆகிய மூவர் 1951 ஆம் ஆண்டில் மெல்லிய நெகிழித் தகட்டு வில்லைகளைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். பின்னர் இவ்வகை வில்லைகள் ஒளிப்படக்கருவிகளின் காட்சித்திரை, மேல்தலை ஒளிவீழ்த்தி, சூரிய ஆற்றல் கருவிகள் ஆகியவற்றில் இடம்பெற்றன.

## அமைப்பும் செயற்பாடும்

பிரெனெல் வில்லையை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் அது வாளின் பற்களைப் போலத் தோன்றும். ஒவ்வொரு பல்லுக்கும் இரு முகங்கள் உண்டு.

* சாய்முகம்: ஒளியை விலக்கும் முகம். மையத்தில் இதன் சாய்வு ஏறத்தாழச் சுழி. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லச் சாய்வு கூடும்.
* சுவர்முகம்: ஒரு சாய்முகத்தின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் இணைக்கும் முகம். இது ஒளிவிலகலுக்கு உதவுவதில்லை. அச்சிலிருந்து வில்லை சேதமின்றிக் கழலவேண்டும் என்பதற்காக இம்முகம் செங்குத்திலிருந்து சற்றே சாய்வாக அமைக்கப்படுகின்றது.

எடைச் சேமிப்பை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 300 மி.மீ விட்டமும் 600 மி.மீ குவியத்தூரமும் கொண்ட ஒரு தளக்குவி வில்லையை அக்ரிலிக்கில் ஆக்கினால், அதன் நடுத்தடிப்பு ஏறத்தாழ 41 மி.மீ, எடை ஏறத்தாழ 1.8 கிலோகிராம். அதே பணியைச் செய்யும் 2 மி.மீ தடிப்புள்ள பிரெனெல் தகட்டின் எடை ஏறத்தாழ 170 கிராம் மட்டுமே. குவியத்தூரத்தை 300 மி.மீ ஆகக் குறைத்தால், தளக்குவி வில்லையின் வளைவு ஆரம் 147 மி.மீ ஆகவேண்டும். அந்த ஆரமுடைய முழு அரைக்கோளத்தின் விட்டமே 294 மி.மீ தான். ஆகவே 300 மி.மீ விட்டத்தில் அத்தகைய கோள வில்லையை ஆக்கவே இயலாது. பிரெனெல் வில்லையில் இத்தடை இல்லை.

வேறொரு நன்மையும் உண்டு. கோளப்பரப்பு கொண்ட வில்லையில் விளிம்புக் கதிர்களும் மையக் கதிர்களும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இது கோளப்பிறழ்ச்சி எனப்படும். பிரெனெல் வில்லையில் ஒவ்வொரு சாய்முகத்தின் கோணத்தையும் தனித்தனியே கணித்து அமைக்கலாம் என்பதால், அச்சுக்கு இணையாக வரும் கதிர்களுக்கு இப்பிறழ்ச்சியை நீக்கிவிட முடிகின்றது.

## வகைகள்

* குவியும் வட்ட வில்லை: ஒளியை ஒரு புள்ளியை நோக்கிக் குவிக்கும். மிகுதியாகப் பயன்படும் வகை.
* விரியும் வட்ட வில்லை: குழி வில்லைக்கு ஈடானது. பேருந்து, மூடுந்து ஆகியவற்றின் பின்கண்ணாடியில் ஒட்டப்பட்டு, ஓட்டுநருக்கு அகன்ற காட்சியைத் தருகின்றது.
* நேர்க்கோட்டு வில்லை: பள்ளங்கள் வட்டமாக இன்றி ஒன்றுக்கொன்று இணையான நேர்க்கோடுகளாக இருக்கும். ஒளியை ஒரு கோட்டில் குவிக்கும்.
* வில்லை அணி: ஒரே தகட்டில் பல சிறு வில்லைகள் அடுத்தடுத்து அமைந்தவை. நடமாட்ட உணரிகளில் காணப்படுவது இவ்வகையே.

## தேர்ந்தெடுக்கும் முறை

### பணியை வரையறுத்தல்

முதலில், வில்லை படிமம் ஆக்கவேண்டுமா அல்லது ஒளியைத் திரட்டினால் போதுமா என்பதை முடிவு செய்யவேண்டும். படிமம் ஆக்கும் வில்லையில் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் திரையில் ஒரு புள்ளியாக விழவேண்டும். ஒளிதிரட்டும் வில்லையில் அவ்வாறு தேவையில்லை. ஒளி உணரியின் பரப்புக்குள் விழுந்தால் போதும். பிரெனெல் வில்லைகள் இரண்டாம் வகைப் பணிக்கே சிறப்பாகப் பொருந்துவன. தெளிவான படிமம் தேவைப்படும் தொலைநோக்கி போன்றவற்றுக்கு, வழுவழுப்பான பரப்புக் கொண்ட வழமையான வில்லையே ஏற்றது.

### குவிய எண்

குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண் குவிய எண் எனப்படும். இது சிறிதாக இருந்தால், வில்லை ஒளியைக் கூடுதலான கோணத்தில் வளைக்கின்றது என்று பொருள். சிறிய குவிய எண் கருவியின் நீளத்தைக் குறைக்கும். எனினும் அதற்கு ஒரு விலை உண்டு.

ஒளிவிலகல் எண் 1.49 கொண்ட அக்ரிலிக்கில், செங்குத்தாக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 3.9% எதிரொளித்து இழக்கப்படுகின்றது. தட்டை முகம் சூரியனையும் பள்ளமுகம் குவியத்தையும் நோக்கி இருக்கும்போது, குவிய எண் 1 ஆக உள்ள வில்லையின் விளிம்பில் வெளியேறு பரப்பில் மட்டும் இவ்விழப்பு ஏறத்தாழ 11% ஆகின்றது. குவிய எண் 0.7 எனில் அது 28% அளவை எட்டும். குவிய எண் 0.45 க்குக் கீழே விளிம்பிலுள்ள ஒளி முழு அக எதிரொளிப்புக்கு உள்ளாகி வெளியேறாமலே போகும். ஆகையால் விட்டத்தைப் பெரிதாக்கி, குவியத்தூரத்தை மாற்றாமல் விட்டால், கூடுதலாகச் சேர்த்த விளிம்புப் பரப்பு எதிர்பார்த்த பயனைத் தராது. பெரும்பாலான ஒளிதிரட்டும் பணிகளுக்குக் குவிய எண் 1 அல்லது அதற்குச் சற்று மேல் என்பது பொருத்தமான தொடக்கம் ஆகும்.

### பள்ளங்களின் இடைவெளி

விற்பனைப் பட்டியல்களில் பள்ளங்களின் நெருக்கம், ஓர் அங்குலத்தில் உள்ள வரிகளின் எண்ணிக்கையாகக் குறிக்கப்படுவது உண்டு. 50 வரிகள் எனில் இடைவெளி ஏறத்தாழ 0.5 மி.மீ, 100 வரிகள் எனில் 0.25 மி.மீ, 200 வரிகள் எனில் 0.13 மி.மீ.

நெருக்கமான பள்ளங்களே சிறந்தவை என்ற கருத்து பரவலாக உள்ளது. அது எப்போதும் சரியன்று. இங்கு மூன்று விளைவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

* சாய்முகம் தட்டையாக இருப்பின், அதன் வழியே செல்லும் ஒளிக்கற்றையின் அகலம் பள்ளத்தின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமம். ஆகவே குவியத்தில் உண்டாகும் ஒளிப்பொட்டு அதனினும் சிறிதாகாது. இதன்படி நெருக்கமான பள்ளம் நல்லது.
* குறுகிய பிளவு வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் விரிகின்றது. பள்ளம் குறுகக் குறுக இவ்விரிவு கூடும். இதன்படி அகன்ற பள்ளம் நல்லது.
* ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சுவர்முகமும், முழுமையாகக் கூர்மையடையாத ஒரு முனையும் உண்டு. இவை ஒளியைச் சிதறடிக்கின்றன. பள்ளங்களின் எண்ணிக்கை கூடும்போது சிதறலும் கூடும்.

300 மி.மீ குவியத்தூரமுள்ள ஒரு வில்லையையும், 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியையும் எடுத்துக்கொள்வோம். பள்ள இடைவெளி 0.1 மி.மீ எனில், விளிம்பு விளைவால் மட்டும் பொட்டு ஏறத்தாழ 3.3 மி.மீ அகலத்துக்கு விரியும். இடைவெளி 0.5 மி.மீ எனில் அவ்விரிவு 0.7 மி.மீ க்கும் குறைவு. எனவே ஒளியைக் குவிக்க 0.5 மி.மீ அளவிலான அகன்ற பள்ளங்களே ஏற்றவை.

கண்ணால் நேரடியாகப் பார்க்கும் பயன்பாடுகளில் நிலைமை மாறுகின்றது. கண்ணிலிருந்து 250 மி.மீ தொலைவில் 0.07 மி.மீ அளவுள்ள இடைவெளியைக் கண் பிரித்தறியக்கூடும். அகன்ற பள்ளங்கள் வட்டக்கோடுகளாகத் தெரிந்து பார்ப்பவருக்கு இடையூறு தரும். ஆகவே வாசிப்பு உருப்பெருக்கித் தகடுகளுக்கு நெருக்கமான பள்ளங்கள் விரும்பப்படுகின்றன.

### பள்ளமுகம் நோக்கும் திசை

பிரெனெல் வில்லையைத் திருப்பி வைத்தாலும் குவியத்தூரம் பெரிதும் மாறாது; பொட்டின் தரம் மாறும். பட்டியல்களில் காணப்படும் வில்லைகளிற் பெரும்பாலானவை, பள்ளமுகம் இணைகதிர்கள் வரும் பக்கத்தையும் தட்டை முகம் குவியத்தையும் நோக்குமாறு வடிவமைக்கப்பட்டவை. இந்நிலையில் ஒளிவளைவு இரு பரப்புகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுவதால் எதிரொளிப்பு இழப்பு குறைவு. ஆனால் சாய்முகத்தில் நுழைந்த ஒளியின் ஒரு பகுதி சுவர்முகத்தில் மோதி வீணாகின்றது.

பள்ளமுகம் குவியத்தை நோக்கி இருப்பின் சுவர்முக இழப்பு ஏற்படாது. மாறாக மேலே கூறியபடி விளிம்பில் எதிரொளிப்பு இழப்பு கூடும். திறந்த வெளியில் வைக்கப்படும் சூரியக் குவிப்பிகளில், பள்ளங்களில் தூசி படியாதிருக்கவும் கழுவுதல் எளிதாகவும், தட்டை முகம் வானை நோக்குமாறு வடிவமைக்கப்பட்ட வில்லைகள் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு திசைக்கென வடிவமைக்கப்பட்ட வில்லையை மற்றத் திசையில் வைத்தால் பொட்டு விரிந்துவிடும். விவரம் தெரியாத வில்லையை இரு திசைகளிலும் வைத்துப் பார்த்து, சிறிய பொட்டைத் தரும் திசையைத் தெரிவுசெய்யலாம்.

அருகிலுள்ள ஒரு விளக்கின் ஒளியை அருகிலுள்ள மற்றொரு இடத்தில் குவிக்கவேண்டின், ஒரே வில்லையைப் பயன்படுத்துவதைவிட இரு வில்லைகளைப் பள்ளமுகங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு அடுக்குவது நல்லது. முதல் வில்லை ஒளியை இணைகதிர்களாக்கும். இரண்டாவது அதைக் குவிக்கும். இரண்டும் தத்தம் வடிவமைப்புக்கு ஏற்ற நிலையில் இயங்குவதோடு, பள்ளங்கள் உள்ளே மறைந்திருப்பதால் தூசியும் படிவதில்லை.

### நெகிழியின் வகை

* அக்ரிலிக்: ஒளிவிலகல் எண் 1.49. கட்புலனாகும் ஒளியில் ஏறத்தாழ 92% கடத்தும். மீதி 8% பெரும்பாலும் இரு பரப்புகளின் எதிரொளிப்பே. வெயிலைப் பல ஆண்டுகள் தாங்கும். ஏறத்தாழ 80 °செ வரை பயன்படுத்தலாம். ஒளிகுவிக்கும் பணிகளுக்கு முதல் தெரிவு இதுவே. வழமையான அக்ரிலிக்கில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படுவதால், புற ஊதா ஒளியைத் திரட்ட அதற்கெனச் செய்யப்பட்ட வகையைக் கேட்டுப் பெறவேண்டும்.
* பாலிகார்பனேட்: ஒளிவிலகல் எண் 1.586. ஏறத்தாழ 120 °செ வரை தாங்கும்; அடித்தாலும் எளிதில் உடையாது. ஆயினும் எதிரொளிப்பு இழப்பு சற்றுக் கூடுதல். எளிதில் கீறல் விழும். காப்புப்பூச்சு இல்லையெனில் வெயிலில் மஞ்சளாகும். சூடான விளக்கின் அருகில் வைக்க ஏற்றது.
* விறைப்பான பிவிசி: மெல்லியதாகவும் மலிவாகவும் கிடைக்கும், வளைத்தாலும் முறியாது. சட்டைப்பை உருப்பெருக்கி, ஊர்திகளின் பின்கண்ணாடி வில்லை ஆகியவை பெரும்பாலும் இதனாலானவை. வெப்பத்தைத் தாங்காது.
* உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்: கண்ணுக்குப் பால் போல மங்கலாகத் தெரியும். ஆனால் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்ப அகச்சிவப்புக் கதிரை மெல்லிய தகடாக இருக்கும்போது கடத்தும்.

இறுதியாகக் கூறிய வேறுபாடு முதன்மையானது. மனித உடல் வெளியிடும் கதிர்வீச்சின் உச்சம் ஏறத்தாழ 9.4 மைக்ரோமீட்டரில் உள்ளது. கண்ணாடியும் அக்ரிலிக்கும் அவ்வலைநீளத்தில் ஒளிபுகாப் பொருள்கள். ஆகவே நடமாட்ட உணரியின் மங்கலான மூடியை நீக்கிவிட்டு, அதனினும் தெளிவான அக்ரிலிக் வில்லையைப் பொருத்தினால் உணரி குருடாகிவிடும். அம்மூடிக்குச் சுவர் வண்ணம் பூசினாலும் இதே விளைவு நேரும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது, கருவிக்குத் தேவையான அலைநீளத்திலும் தெளிவு என்று பொருள்படாது.

நிறப்பிரிகையும் நெகிழியின் வகையைப் பொறுத்தது. இது ஆபே எண்ணால் அளக்கப்படும். எண் சிறிதாயின் நிறங்கள் கூடுதலாகப் பிரியும். அக்ரிலிக்கின் ஆபே எண் ஏறத்தாழ 57. பாலிகார்பனேட்டினது ஏறத்தாழ 30. குவியத்தூரம் 300 மி.மீ எனில், நீல ஒளியும் சிவப்பு ஒளியும் குவியும் இடங்களுக்கிடையே அக்ரிலிக் வில்லையில் ஏறத்தாழ 5 மி.மீ தொலைவும், பாலிகார்பனேட் வில்லையில் ஏறத்தாழ 10 மி.மீ தொலைவும் இருக்கும்.

## எடுத்துக்காட்டுக் கணக்கீடுகள்

### சூரிய ஒளியைக் குவித்தல்

சூரியன் ஒரு புள்ளி அன்று. வானில் அதன் கோண விட்டம் ஏறத்தாழ 0.53 பாகை. ஆகவே எத்துணைச் சிறந்த வில்லையாயினும், அது தரும் சூரியப் படிமத்தின் விட்டம் குவியத்தூரத்தில் ஏறத்தாழ 108 இல் ஒரு பங்கு ஆகும். 300 மி.மீ குவியத்தூரத்துக்கு இது 2.8 மி.மீ, 1000 மி.மீ குவியத்தூரத்துக்கு 9.3 மி.மீ.

300 மி.மீ விட்டமும் 300 மி.மீ குவியத்தூரமும் கொண்ட அக்ரிலிக் வில்லையின் பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர மீட்டர். தெளிந்த வானில் நேரடிக் கதிரொளி சதுர மீட்டருக்கு 900 வாட் எனக் கொண்டால், வில்லையின் மேல் 64 வாட் விழும். 80% கடந்தால் 51 வாட் குவியத்தை அடையும். நிறப்பிரிகை முதலியவற்றைச் சேர்த்து ஒளிப்பொட்டின் விட்டம் 6 மி.மீ என்றால், பரப்புச் செறிவு 2500 மடங்கு. இழப்பை நீக்கினால் 2000 மடங்கு. தாள் தீப்பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 230 °செ. இப்பொட்டில் வைக்கப்பட்ட தாள் உடனடியாகப் புகையத் தொடங்கும்.

அதே அகலமுள்ள நேர்க்கோட்டு வில்லை ஒளியை ஒரு திசையில் மட்டுமே சுருக்குகின்றது. 300 மி.மீ அகலம் 6 மி.மீ கோடாகச் சுருங்கினால் செறிவு 50 மடங்கே. நீரைச் சூடாக்கும் குழாய்க்கு இது போதுமானதாக இருக்கலாம்.

வானில் சூரியன் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கின்றது. 300 மி.மீ குவியத்தூரத்தில் ஒளிப்பொட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.3 மி.மீ நகரும். ஐந்து நிமிடங்களில் பொட்டு தன் பழைய இடத்தை விட்டு முழுமையாக விலகிவிடும். ஆகவே பொட்டு வில்லைக்குச் சூரியனைப் பின்தொடரும் தாங்கி இன்றியமையாதது. மேகமூட்டமான வானிலிருந்து எல்லாத் திசைகளிலும் வரும் பரவல் ஒளியை எந்த வில்லையாலும் இவ்வாறு குவிக்க இயலாது.

### விளக்கொளியை இணைகதிராக்குதல்

குவியத்தில் வைக்கப்படும் விளக்கின் ஒளி, வில்லையின் மறுபக்கத்தில் இணைகதிர்களாக வெளிவரும் என்பது பாடநூல் கூற்று. உண்மையான விளக்குக்கு அளவு உண்டு. எனவே கற்றை சற்று விரியும். 3 மி.மீ அகலமுள்ள ஒளியுமிழ் இருமுனையத்தை 100 மி.மீ குவியத்தூரமுள்ள வில்லையின் குவியத்தில் வைத்தால், கற்றையின் விரிவு ஏறத்தாழ 1.7 பாகை. குவியத்தூரத்தைக் கூட்டினால் விரிவு குறையும்; அதே விட்டத்தில் வில்லையில் விழும் ஒளியும் குறையும்.

தட்டையான ஒளியுமிழ் இருமுனையம் முன்பக்கம் முழுவதும் ஒளியைப் பரப்புகின்றது. குவிய எண் 1 கொண்ட வில்லை அவ்வொளியில் 20% மட்டுமே பெறும். குவிய எண் 0.5 ஆனாலும் 50% தான். எஞ்சியது பக்கவாட்டில் போய்விடும். எனவே விளக்கின் அருகில் சிறு எதிரொளிப்பானையோ துணை வில்லையையோ வைத்து, பரவலைக் குறைத்த பின்னரே பெரிய பிரெனெல் வில்லையைப் பயன்படுத்துவது முறை.

### உணரிக்கு ஒளி திரட்டுதல்

உணரியின் அகலத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் பார்வைக் கோணம் கிடைக்கும். 10 மி.மீ உணரியும் 250 மி.மீ குவியத்தூரமும் எனில் அக்கோணம் ஏறத்தாழ 2.3 பாகை. வில்லை பெரிதாயின் மங்கிய பொருளும் தெரியும். ஆனால் கருவி வானின் ஒரு சிறு பகுதியையே பார்க்கும். அகன்ற பகுதியைக் காண விரும்பினால் பெரிய உணரியோ வில்லை அணியோ தேவை. நடமாட்ட உணரியின் மூடியிலுள்ள ஒவ்வொரு சிறு வில்லையும் அறையின் ஒரு பகுதியை உணரியின் மேல் விழச் செய்கின்றது. ஒருவர் நடக்கும்போது அவருடைய உடல் வெப்பம் இப்பகுதிகளுள் நுழைந்தும் வெளியேறியும் ஏற்படுத்தும் ஏற்ற இறக்கமே குறிப்பாக உணரப்படுகின்றது.

## ஆக்கும் முறை

வைர முனை கொண்ட கடைசல் இயந்திரத்தால் ஓர் உலோகத் தட்டில் பள்ளங்கள் வெட்டப்பட்டு மூல அச்சு ஆக்கப்படுகின்றது. அதன்மேல் நிக்கலை மின்முறையில் படியவைத்துப் படிகள் எடுக்கப்படுகின்றன. அப்படிகளைக் கொண்டு, சூடாக்கிய நெகிழித் தகட்டை அழுத்தியோ, உருகிய நெகிழியை அச்சினுள் செலுத்தியோ வில்லைகள் ஆக்கப்படுகின்றன. ஒரே மூல அச்சிலிருந்து மிகுதியான வில்லைகளைப் பெறலாம் என்பதே இவற்றின் விலை குறைவாயிருப்பதற்குக் காரணம்.

## பயன்பாடுகள்

கணினி ஒளிவீழ்த்திகள் வருமுன் வகுப்பறைகளில் இருந்த மேல்தலை ஒளிவீழ்த்தியில், படத்தாள் வைக்கும் கண்ணாடியின் கீழே பெரிய பிரெனெல் வில்லை இருந்தது. அது விளக்கொளியைத் தாளின் வழியே மேலுள்ள சிறு வில்லையை நோக்கித் திருப்பியது. 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த எச்டிசி வைவ் மெய்நிகர்க் காட்சித் தலைக்கருவியிலும் இவ்வில்லைகள் இடம்பெற்றன. கருமையான காட்சியில் பளிச்சிடும் எழுத்துகளைச் சுற்றித் தோன்றும் ஒளிக்கீற்றுகள், பள்ளங்களின் சிதறலால் விளைந்தவை. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 2019 ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட மினி-யூசோ தொலைநோக்கி, 25 செ.மீ விட்டமுள்ள இரு அக்ரிலிக் பிரெனெல் வில்லைகளால் புவியின் இரவுப் பக்கத்திலிருந்து வரும் புற ஊதா ஒளியைத் திரட்டுகின்றது.

## பொருத்தலும் பராமரிப்பும்

அக்ரிலிக் வெப்பத்தால் கண்ணாடியைவிடப் பன்மடங்கு விரிவடையும். ஒரு மீட்டர் நீளத் தகடு, 30 °செ வெப்ப உயர்வுக்கு ஏறத்தாழ 2 மி.மீ நீளும். சட்டத்தில் இறுக்கமாக ஆணியடித்தால் தகடு வளைந்து குவியம் சிதறும். விளிம்பில் இடைவெளி விட்டுப் பொருத்தவேண்டும். மெல்லிய தகடுகள் தம் எடையாலேயே தொய்வடையும் என்பதால், பெரிய வில்லைக்குக் கண்ணாடித் தாங்கல் கொடுப்பது உண்டு.

தூசியை உலர்ந்த துணியால் துடைக்கலாகாது. பள்ளங்களில் சிக்கிய மணல் கீறல்களை உண்டாக்கும். மென்மையான சோப்பு கலந்த நீரால் பள்ளங்களின் வழியே கழுவி, நீரை வடியவிட வேண்டும். அசிட்டோன், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவு நீர்மங்கள் ஆகியவை அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும்.

## பாதுகாப்பு

பெரிய பிரெனெல் வில்லை ஒரு தீமூட்டி என்பதை மறக்கலாகாது. மேலே கணித்த 51 வாட் சிறிய தொகையாகத் தோன்றினும், அது சில மில்லிமீட்டர் பரப்பில் விழும்போது மரத்தை எரிக்கும்; தோலில் கணப்பொழுதில் ஆழமான புண்ணை உண்டாக்கும். குவியம் கண்ணுக்குத் தெரியாத வெற்றுவெளியில் இருப்பதால் கை தவறி அதனுள் நுழைவது எளிது.

* வில்லையின் வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கலாகாது. குவியத்தில் விழும் பொட்டை உற்றுநோக்குவதும் கண்ணுக்குத் தீங்கானது. பற்றவைப்பவர் அணியும் அடர்நிறக் கண்ணாடி அணியவேண்டும்.
* பயன்படுத்தாதபோது வில்லையை ஒளிபுகாத் துணியால் மூடி, இருட்டான இடத்தில் வைக்கவேண்டும். சாளரத்தின் அருகிலோ முற்றத்திலோ மூடாமல் விட்டுச்சென்ற வில்லை, சூரியன் நகரும்போது எதிர்பாராத இடத்தில் தீயை உண்டாக்கலாம்.
* சோதனையின்போது வில்லையை முதலில் மூடியநிலையில் நிறுத்தி, குவியம் விழும் இடத்தில் எரியாத செங்கல்லை வைத்த பின்னரே மூடியை அகற்றவேண்டும்.
* குவியத்தூரத்தை அறியச் சூரியன் தேவையில்லை. இரவில் தொலைவிலுள்ள தெருவிளக்கின் படிமத்தை ஒரு தாளில் தெளிவாக விழச்செய்து, தாளுக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்தால் போதும். மாணவர்களுக்கு இம்முறையே ஏற்றது.